புது மீட்டரும் நல்ல நேரமும்

பழைய மீட்டர்களைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. "அந்தக் காலத்து முள்ளு மீட்டர் மாதிரி வருமா?" என்று ஆரம்பிப்பார்கள். வராதுதான். கண்ணெதிரே ஒன்று கெட்டுக்கொண்டிருக்கும்போது அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேறு எதற்கும் வராது.

நான் சிறிய விமானங்களுக்கு என்ஜின் பார்க்கிறவள். உடன்குடியில் ஒரு கருப்பட்டி வியாபாரி வீட்டில் பிறந்து, நாசரேத்தில் பள்ளிக்கூடம் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் ஹேங்கர் ஹேங்கராக எண்ணெய் துடைத்து லைசென்ஸ் வாங்கினேன். ஊர்ப் பக்கமே வேலை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் தூத்துக்குடிக்கு ஓடி வந்தேன். ஊருக்கு வெளியே, ஓடுபாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு விமானம், ஒரு பயிற்சியாளர், ஒரு என்ஜினியர். அந்த என்ஜினியர்தான் நான். நான் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் விமானம் தரையை விட்டுக் கிளம்பலாம் என்பது சட்டம். சட்டத்தை எங்கள் கொட்டகையில் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். உப்பளம் வைத்திருந்தவர், துறைமுகத்துக்கு லாரி விட்டவர், இரும்புக்கடை நடத்தியவர். ஐம்பது தாண்டிய பிறகு விமானத்தின் மீது ஆசை வந்ததா, மகளுக்கு ஆசை வந்ததால் இவருக்கும் வந்ததா, எனக்குத் தெரியாது. மகளும் அதே பள்ளியில்தான் படித்தாள். கெட்டிக்காரி. காற்று குறுக்கே அடிக்கும் நாட்களில்கூட விமானத்தைப் பூப்போல இறக்குவாள். அதிகம் பேசமாட்டாள். என்னை அக்கா என்பாள்.

அவள் ஓட்டிப் பழகிய விமானத்தின் பழைய மீட்டர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவற்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டருக்கு, என்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஓட்டுகிறவரின் முழங்கால் பக்கம் வரைக்கும் வரும். குழாய்க்குள் சூடான எண்ணெய். அது வெடித்தால் எங்கே தெறிக்கும் என்று யோசித்துப் பார்த்தவர்கள் அந்தக் கொட்டகையில் நான் ஒருத்திதான். பெட்ரோல் மீட்டரின் முள் எங்கள் ஊர் உப்புக் காற்றில் அரித்துப் போய், நின்ற இடத்திலேயே நிற்கும். விரலால் கண்ணாடியைத் தட்டுவார்கள். முள் துள்ளி எங்கேயாவது போய் நிற்கும். அதுதான் அளவு என்று எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். தட்டினால் ஒன்று, தட்டாவிட்டால் ஒன்று சொல்கிற ஆளை நீங்கள் கடையில் கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொள்வீர்களா? வைத்துக்கொள்ளமாட்டீர்கள். ஆனால் ஆகாயத்தில் போகும்போது வைத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரமூட்டியது சிலிண்டர் சூட்டைக் காட்டும் மீட்டர். அந்த என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். தண்ணீர் கிடையாது, முன்னால் இருந்து வரும் காற்றுதான் அவற்றைக் குளிர வைக்கும். ஆனால் மீட்டருக்கு இருந்தது ஒரே ஒரு சென்சார், வலது பக்கம் பின்னால் இருக்கும் சிலிண்டரில். மற்ற மூன்றும் எரிந்து கரியானாலும் முள் பச்சையில் படுத்துத் தூங்கும். நான்கு பிள்ளைகள் படுத்திருக்கும் வீட்டில் ஒரு பிள்ளையின் நெற்றியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று சொல்வது போன்ற வைத்தியம் அது.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு டிஜிட்டல் திரை போடலாம் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனிச் சென்சார், எண்ணெய்க் குழாய்க்குப் பதில் ஒரு ஒயர், பெட்ரோல் எவ்வளவு ஓடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. எல்லாம் ஒரே திரையில். ஏதாவது எல்லை மீறினால் திரையில் சிவப்பு எரியும், ஓட்டுகிறவர் காதில் கத்தும். அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் "பாப்போம்" என்பார். அவர் "பாப்போம்" என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம்.

பயிற்சியாளரும் அவர் பக்கம்தான். சென்னைக்காரர். வேறு எங்கோ ஓட்டி ஓய்வு பெற்ற பின் இங்கே வந்து சேர்ந்தவர். "நான் காலமெல்லாம் இந்த மீட்டரை வச்சுத்தான் ஓட்டியிருக்கேன் மேடம். உயிரோடதானே இருக்கேன்?" என்பார். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அப்படிப் பேசும் வசதி உண்டு என்று நான் ஒருநாள் திருப்பிச் சொன்னேன். அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வாரம் எனக்கு நிம்மதியாகப் போனது.

கடைசியில் அண்ணாச்சியை இளக வைத்தது நான் சொன்ன எதுவும் இல்லை. மகள் தனியாக நீண்ட தூரம் பறக்க வேண்டிய கட்டம் வந்தது. கடற்கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு வரை போய், கடல் பக்கமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். பக்கத்து இருக்கையில் யாரும் இருக்கமாட்டார்கள். ஒருநாள் காலையில் அவரே என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"ஏளா, பிள்ளை தனியா போகப் போறா. கடல் மேல போறா, தெரியும்லா? நீ சொல்லுத அந்தத் திரையவே போட்டுரு. நல்லதா பாத்துப் போடு."

அவர் முகத்தில் அன்று இருந்தது பயம். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பயத்துக்காக அவர் மீது எனக்கு ஒரு மரியாதைகூட வந்தது.

வேலையை ரசித்துச் செய்தேன். மீட்டர் பலகையைப் பிரித்துப் பழைய மீட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அந்த எண்ணெய்க் குழாயை உருவி வெளியே போட்டபோது ஒரு பாம்பைப் பிடித்து வெளியே விட்டது போல இருந்தது. மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். திரையில் சூட்டைக் காட்டி ஏறி இறங்கும் பட்டைகளில் எது எந்தச் சிலிண்டர், எந்த எண்ணில் மஞ்சள், எந்த எண்ணில் சிவப்பு, சிவப்பு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும். எல்லாம் அவளுக்கு அத்துப்படி. என்ஜின் மூடியைப் போடுவதற்கு முன் உள்ளே டார்ச் அடித்துச் சந்து பொந்தெல்லாம் பார்த்தேன். மூடியைப் போட்டுத் தரையில் நிறுத்தி என்ஜினை ஓட்டினேன். திரையில் நான்கு பச்சைப் பட்டைகளும் அக்கா தங்கைகளைப் போல ஒரே உயரத்தில் நின்றன. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே பேசிச் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டினேன்.

மறுநாள் காலை பூசை. நல்ல நேரம் பார்த்து அண்ணாச்சி வைத்திருந்தார். பூசை முடிந்து அந்த நேரம் கழிவதற்குள் மகள் கிளம்பிவிட வேண்டும்.

பூசை எனக்கு ஆகாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆயுத பூசைக்கு என் ஸ்பேனர்களுக்கெல்லாம் நானே சந்தனம் வைப்பேன். லைசென்ஸ் பரீட்சைக்கு முன்னால் நானும் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்து நேர்ந்துகொண்டவள்தான். ஆனால் முடிந்ததை வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அண்ணாச்சிக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஒரு வருத்தம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விமானத்தின் விசிறியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார். சுற்றும்போது அது எங்கே பறந்து யார் கண்ணில் அடிக்கும் என்று சொல்லி, நான் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

அன்று விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் சோதனையைப் பூசைக்கு முன்பே மகள் முடித்துவிட்டாள். பிறகு கற்பூரம், தேங்காய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். புதுத் திரையின் ஓரத்தில் சந்தனப் பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டார். ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பூசை முடிந்ததும் எல்லோரும் சுண்டல் சாப்பிடப் போனார்கள். நான் ஸ்டோருக்குப் போய் எண்ணெய் டின் எடுத்துவிட்டு, என்ஜினைக் கிளப்ப உதவும் பேட்டரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி மட்டும் விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில் கை கூப்பி நின்றுகொண்டிருந்தார். கும்பிடட்டும் என்று நான் என் வேலையைப் பார்த்தேன்.

மகள் ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினாள். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். கொஞ்ச நேரம் ஓடி என்ஜின் சூடாக வேண்டும். நான்கு பட்டைகளும் ஏறின. மூன்று பட்டைகள் நேற்று நின்ற இடத்தில் நின்றுகொண்டன. இடது பக்கம் முன்னால் இருக்கும் சிலிண்டரின் பட்டை மட்டும் நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போய் மஞ்சளானது. நான் கையைக் காட்டி என்ஜினின் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். அப்போதும் அது இறங்கவில்லை. சிவப்பு எரிந்தது. இரண்டு பேர் காதிலும் கத்தியது. நிறுத்து என்றேன். நிறுத்தினாள்.

விசிறி நின்றதுதான் தாமதம், அண்ணாச்சி ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? எதுக்கு நிப்பாட்டுன?"

ஒரு சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இத்தன வருசமா ஓடுத வண்டி. ஒருநாளாவது சூடுன்னு சொல்லியிருக்கா? நேத்து நீ கை வச்ச. இன்னைக்குச் சூடுங்க. அப்ப கோளாறு வண்டியிலயா, நீ மாட்டுன சாமான்லயா?"

பயிற்சியாளரும் வந்து எட்டிப் பார்த்தார். "புதுசுல இப்படித்தான் மேடம், இந்த டிஜிட்டல் எல்லாம் சும்மா சும்மா பயமுறுத்தும்" என்றார். சும்மா சும்மா! நான் என் கோபத்தை அடக்கிக்கொண்டு திரையின் பின்னால் இரண்டு ஒயர்களை மாற்றிச் செருகினேன். சிவப்பு அடுத்த பட்டைக்குப் போனது. திரை பொய் சொல்லவில்லை, வருவதைத்தான் காட்டுகிறது என்று அவர்களுக்குக் காட்டினேன். மீதி இருப்பது இரண்டுதான். ஒன்று சென்சார் கெட்டிருக்க வேண்டும், அல்லது சிலிண்டர் உண்மையிலேயே கொதிக்க வேண்டும். மூடியைத் திறந்தால் எது என்று தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கினேன்.

"மூடியத் தொறக்காத" என்றார் அண்ணாச்சி.

"தொறக்காம எப்படி அண்ணாச்சி பாக்க?"

"பூசை போட்டாச்சி. இனிமே தொறக்கப்படாது. நல்ல நேரம் போயிட்டிருக்கு. பிள்ளை கெளம்பட்டும், வந்த பொறவு பாரு."

நல்ல நேரத்துக்காக அப்படிச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொதிக்கிற சிலிண்டரோடு கடல் மேல் போய், அது வழியில் விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொன்னேன். என்ஜின் நின்றால் இறங்குவதற்கு உப்பளம்கூட இல்லை, வெறும் தண்ணீர்தான் என்று சொன்னேன். அவர் கேட்டார். கேட்டுவிட்டு, எனக்கு ஒரு வழி சொன்னார்.

"அந்தச் செவப்பு எந்த நம்பர்ல வருதோ, அந்த நம்பரக் கொஞ்சம் ஏத்தி வச்சிரு. முடிஞ்சிது சோலி."

நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். இத்தனை வருடம் ஓட்டிய மனிதர், இதற்காவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். திறந்தார். "அந்த லிமிட்ல எப்பவும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வச்சிருப்பாங்க" என்றார்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கோபப்பட்டதில்லை. "தெர்மாமீட்டர்ல கோட்ட அழிச்சிட்டா காய்ச்சல் போயிருமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவருக்கும் கோபம் ஏறிவிட்டது. "அப்ப இந்த எழவே வேண்டாம். பழைய மீட்டரெல்லாம் பொட்டிலதானே கெடக்கு? அதையே எடுத்து மாட்டு" என்றார். பழைய மீட்டர் வலது பக்கப் பின் சிலிண்டரை மட்டும்தான் பார்க்கும், அது இப்போதும் பச்சைதான் காட்டும் என்றேன். "அப்ப அதுதான் நல்ல மீட்டரு" என்றார் அவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார்.

இத்தனை நேரமும் மகள் இடது இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஹெட்செட்டைக் கழற்றவில்லை. யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ கெளம்பு தாயி. இவ ஆயிரம் சொல்லுவா. நேரம் போவுது."

அவள் கை சாவிக்குப் போனது. நான் கதவுக்குள் பாய்ந்து சாவியை உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏளா, யாருட்ட வந்து என்ன செய்த? இது என் வண்டி" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் தகரக் கூரையில் போய் முட்டியது.

"ஒங்க வண்டிதான். நான் சரின்னு சொல்லாம மேல போகாது. வேற ஆளப் பாக்கணும்னா பாத்துக்கிடுங்க. அதுவரைக்கும் சாவி எங்கிட்டதான் இருக்கும்."

சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அவர் என் கையைப் பிடிக்க வந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பிடிக்கவில்லை. நான் திருகுகளைக் கழற்றினேன். இறக்கி வைக்கும்போது மூடியின் இடது ஓரம் கையைச் சுட்டது. உள்ளே எதுவோ கருகிய வாடை.

பார்த்தேன். முன் சிலிண்டருக்கும் பின் சிலிண்டருக்கும் நடுவில், காற்று கீழே இறங்க வேண்டிய சந்தில், ஒரு மஞ்சள் துணி மூட்டை. சிறிய தேங்காய் அளவு இருக்கும். நன்றாக அமுக்கித் திணித்திருந்தது. முன் சிலிண்டரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் பழுப்பேறிக் கருகத் தொடங்கியிருந்தது. இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்துத் தரையில் போட்டேன். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. உள்ளே ஒரு ரூபாய், விரலி மஞ்சள், விபூதிப் பொட்டலம், வெந்து சுருங்கிய எலுமிச்சம்பழம்.

யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. விமானத்தின் மூக்கில் விசிறிக்கு இரு பக்கமும் காற்று உள்ளே போக இரண்டு வாய் இருக்கும். ஒரு ஆள் தாராளமாகக் கையை விடலாம். சுண்டல் சாப்பிட எல்லோரும் போயிருந்தபோது அவர் அங்கேதான் கை கூப்பி நின்றார். கூப்புவதற்கு முன் அந்தக் கை என்ன செய்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"கொலசை அம்மனுக்கு நேந்து முடிஞ்சது" என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்தது. "பிள்ளை தனியா போயிட்டு நல்லபடியா வந்து லைசென்சும் வாங்கிட்டா, தசராவுக்குப் பிச்சைக்கார வேசம் கெட்டி ஊர் ஊரா பிச்சை எடுத்து உண்டியல்ல போடுதேன்னு நேந்திருக்கேன். வெளிய கெட்டுனா நீ பிச்சிப் போட்டுருவ. அதான் உள்ள வச்சேன்."

குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு இப்படி வேடம் கட்டிப் பிச்சை எடுப்பது எங்கள் பக்கத்து நேர்த்தி. அந்த மனிதரின் லாரிகள் துறைமுக வாசலில் வரிசையாக நிற்கும். அவர் தட்டேந்தித் தெருத் தெருவாகப் பிச்சை எடுப்பதாக நேர்ந்திருக்கிறார், மகளுக்காக. இதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும். கொஞ்சம் இளகியதும் உண்மை. ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

மூட்டையைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தியளா, அம்மா காட்டிக் குடுத்துட்டா. செவப்பா வந்து நின்னு காட்டிக் குடுத்தது அவதான்" என்று பயிற்சியாளரிடம் சொன்னார். பயிற்சியாளர் தலையை ஆட்டினார்.

சிவப்பாக எரிந்தது நான் மாட்டிய சென்சார். இவ்வளவு நேரம் அது பொய், எழவு, பெட்டியில் இருக்கும் பழைய மீட்டரை எடு என்று பேசிய வாய், அரை நிமிடத்தில் அதை அம்மன் ஆக்கிவிட்டது. கோளாறு என்றால் நான் மாட்டியது. சரி என்றால் அவள் காட்டியது. மன்னிப்புக்கூட வேண்டாம், "நீ சொன்னது சரிதாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அம்மன் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவள் பெயரைச் சொல்லி என் வேலையை இப்படி வாரிச் சுருட்டிக்கொண்டு போகிறார்களே என்றுதான் என் வயிறு எரிந்தது.

சிலிண்டர் ஆறும் வரை காத்திருந்து அதற்கு ஏதாவது சேதம் உண்டா என்று முழுதாகச் சோதித்தேன். காற்றடித்துக் கசிகிறதா என்று பார்த்தேன், உள்ளே கேமரா விட்டுப் பார்த்தேன். தரையிலேயே நிறுத்திவிட்டதால் தப்பித்திருந்தது. மேலே போயிருந்தால் தப்பித்திருக்காது. மூடியைப் போட்டு மறுபடியும் ஓட்டினேன். நான்கு பட்டைகளும் ஒரே உயரத்தில் நின்றன. பயிற்சியாளர் வந்து பார்த்துவிட்டு, "சூப்பர் மேடம்" என்று கட்டை விரலைக் காட்டினார். அந்த விரலை ஒடிக்கலாம் போல இருந்தது.

அதற்குள் அண்ணாச்சி மதியத்துக்கு மேல் இன்னொரு நல்ல நேரம் கண்டுபிடித்துவிட்டார். மூட்டை வீட்டுக்குப் போய்விட்டது, பூசை அறைக்கு. புதுத் தேங்காய் வந்தது. காலையில் ஒன்றுமே நடக்காதது போல எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். அண்ணாச்சி என்னிடம், "எல்லாம் சரிதானே?" என்று சாதாரணமாகக் கேட்டார். சரிதான் என்றேன். விமானம் சரியாகத்தான் இருந்தது. மறுப்பதற்கு எனக்குக் காரணம் இல்லை.

மகள் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டாள். நான் சாவியைக் கொடுக்கப் போனேன். வெயிலில் அவள் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. காலையிலிருந்து யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் உயிரைப் பற்றித்தான் அத்தனை சண்டையும். அவளிடம் மட்டும் யாரும் பேசவில்லை.

"ஏளா, ஒண்ணு கேக்கேன். உள்ளதச் சொல்லு" என்றேன். "காலையில நான் சாவிய உருவாம இருந்தா கெளம்பியிருப்பியா?"

அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

"கெளம்பியிருப்பேன்க்கா."

"செவப்பு எரிஞ்சதப் பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன். காதுலயும் கத்திக்கிட்டேதானே கெடந்துது."

"செவப்பு வந்தா என்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. நீங்கதானே சொல்லித் தந்திய."

"பொறவு?"

"அப்பா கெளம்புன்னு சொல்லிட்டாவள்லா" என்றாள். நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பது போல என்னைப் பார்த்தாள். "எப்படிக்கா மாட்டேங்கிறது?"

காலையிலிருந்து நான் அண்ணாச்சியிடம் கத்தினேன், பயிற்சியாளரை மனதுக்குள் திட்டினேன், நேற்று கழற்றிய மீட்டர்களைச் சபித்தேன். அத்தனையும் சேர்ந்து வராத கோபம் இப்போது வந்தது. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. ஆளில்லாத கடலுக்கு மேல் தனியாகப் போகிறவள். எது பச்சை, எது சிவப்பு, எந்த எண்ணில் எது வரும், எல்லாம் தெரிந்தவள். அவளுக்குத் தெரியாத ஒரே விஷயம் வேண்டாம் என்று சொல்வது. அதை அவளுக்கு வீட்டிலும் யாரும் சொல்லித் தரவில்லை, இந்தக் கொட்டகையிலும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒயர் ஒயராக இழுத்து மாட்டத் தெரிந்த எனக்கு, இதை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை. அண்ணாச்சி தூரத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்கு" என்றேன்.

விமானம் சரியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். நான்கு பட்டைகளையும் அவளே பார்த்திருந்தாள். ஏன் இறங்க வேண்டும் என்று அவள் கேட்டிருக்கலாம், மாட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். கேட்பாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பெல்ட்டைக் கழற்றினாள், ஹெட்செட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி வைத்தாள், இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.